சஃபோக் கிராமத்துப் பழைய காட்டேஜ்: கறுத்த கைமரங்களும் 1590 என்ற பலகையும்

ஓலைச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக்கில், லாவென்ஹம் ஊரிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் பழைய காட்டேஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கிறோம். ஓக் மரச்சட்டகத்தால் ஆன வீடு. வைக்கோல் வேய்ந்த செங்குத்தான கூரை. வெளிச்சுவர் முழுவதும் இளஞ்சிவப்புப் பூச்சு. வாசற்கதவைத் திறந்தால் எதிரே தென்படுவது பருத்த செங்கல் புகைபோக்கியின் பக்கச்சுவர்தான். அதற்கு இடப்புறம் ஓர் அறையும் வலப்புறம் ஓர் அறையுமாக வீடு பிரிகிறது. வாசலுக்கு மேலே 1590 என்று எழுதிய மரப்பலகை பதித்திருக்கிறது.

வீட்டு உரிமையாளர் இந்த வீட்டைப் பற்றிச் சொல்லும் கதைகள் கேட்பதற்கு இனிமையானவை. எவ்வளவு நம்பலாம் என்பதுதான் விளங்கவில்லை. உத்திரங்களில் காணப்படும் வெற்றுத் துளைகளைக் காட்டி, இவை உடைத்த கப்பலிலிருந்து வந்த மரங்கள் என்கிறார். மாடியில் அடைக்கப்பட்டிருக்கும் ஜன்னலுக்கு அக்காலத்து ஜன்னல் வரியே காரணம் என்கிறார். நிலைகள் தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்வாக இருப்பதற்கு, அன்றைய மக்கள் குள்ளமானவர்கள் என்பது அவர் விளக்கம். ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவருக்காகவே இந்த வீடு கட்டப்பட்டது என்பதிலும் அவருக்கு ஐயமே இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. அவருடைய அனுமதியோடு கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏறிப் பார்த்தபோது, புகைபோக்கியைச் சுற்றியுள்ள கைமரங்கள் எல்லாம் கரியப்பியதுபோல் கறுத்திருந்தன. வீட்டின் ஒரு கோடியில் மட்டும் மரம் கறுக்காமல் பழுப்பு நிறத்திலேயே இருக்கிறது. இரண்டு பகுதிகளுக்கும் நடுவே மண் பூசிய தடுப்புச்சுவர் ஒன்று கூரை வரை எழும்பி நிற்கிறது. இங்கே எப்போதாவது தீப்பிடித்திருக்குமா? பலகையில் உள்ள ஆண்டை நம்பலாமா? ஏட்டுச் சான்று எதுவும் கையில் இல்லாத நிலையில், வீட்டைப் பார்த்தே அதன் வயதை ஓரளவுக்காவது கணிக்க முடியுமா? இத்துறை தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தச்சுப்பட்டறை எழுதியது:

பழைய ஓக் சட்டகங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் கைமரங்களைப் பற்றிச் சொல்கிறேன்; உங்கள் வீட்டின் வரலாற்றில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தீப்பிடித்த மரமும் புகை படிந்த மரமும் பார்வைக்கே வேறுபடும். தீயில் பட்டிருந்தால் மேற்பரப்பு கரியாகிச் சிறுசிறு கட்டங்களாக வெடித்திருக்கும். மரத்தின் விளிம்புகள் அரிக்கப்பட்டு மழுங்கியிருக்கும். விளிம்புகள் கூர்மை கெடாமல் இருந்து, கறுப்பு எல்லாப் பக்கங்களிலும் சீராகப் படிந்து, அங்கங்கே தார் பூசியதுபோல் மினுங்கினால், அது பல தலைமுறைகள் எரித்த விறகின் புகை. நீங்கள் குறிப்பிட்ட தடுப்புச்சுவரை இரண்டு பக்கமும் பாருங்கள். புகைபோக்கி இருக்கும் பக்கம் மட்டும் சுவர் கறுத்து, மறுபக்கம் சுத்தமாக இருந்தால், அந்தச் சுவரே ஒரு காலத்தில் புகை சூழ்ந்த கூடத்தின் எல்லையாக இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கூடம் என்று நான் சொல்வது, தரையிலிருந்து கூரை முகடு வரை நடுவே தளம் எதுவும் இல்லாமல் திறந்திருந்த பேரறையை. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, ஓரளவு வசதியுள்ள ஆங்கிலேயக் கிராமத்து வீடுகளில் பெரும்பாலானவை மூன்று பகுதிகளாகவே அமைந்தன. நடுவில் கூடம், அதன் தாழ்ந்த கோடியில் பானங்களுக்கு ஒன்றும் உணவுப் பண்டங்களுக்கு ஒன்றுமாக இரண்டு சிறு சேமிப்பறைகள், எதிர்க்கோடியில் வீட்டுக்காரரின் தனியறையும் அதன் மேலே படுக்கையறையும். கூடத்துக்கும் சேமிப்பறைகளுக்கும் நடுவே வீட்டைக் குறுக்காக வெட்டிச் செல்லும் வழியும், அதன் இரு முனைகளிலும் எதிரெதிரான வாசல்களும் இருந்தன. அடுப்பு கூடத்து மண்தரையில் திறந்தவெளியாக எரிந்தது. புகைபோக்கி கிடையாது; புகை மேலே எழுந்து, கைமரங்களைச் சுற்றித் தேங்கி, முகட்டின் இரு முனைகளிலும் விட்டிருந்த சிறு திறப்புகள் வழியாகவும் வைக்கோலின் இடுக்குகள் வழியாகவும் மெல்ல வெளியேறியது. கூடத்தின் தூலங்கள் கறுத்து, தனியறைக் கோடியின் தூலங்கள் கறுக்காமல் இருப்பதன் காரணம் இதுதான். கூரையை வேய்பவர்கள் பழைய வைக்கோலை அடிவரை களையாமல் அதன் மேலேயே புதியதை வேய்வது வழக்கமாதலால், சில வீடுகளில் இடைக்காலத்து வைக்கோலே கறுத்த நிலையில் அடியடுக்கில் இன்றும் கிடக்கிறது. எந்தக் கறுப்பையும் துடைக்கவோ கழுவவோ வேண்டாம். அது அழுக்கு அல்ல, சான்று.

இந்த அமைப்பை முழு உருவில் காண விரும்பினால், சசெக்ஸில் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸுக்கு ஒருமுறை போய்வாருங்கள். பழங்கட்டடங்களையும் இயற்கை நிலங்களையும் காப்பதற்காக 1895இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு, முதன்முதலாக வாங்கிய கட்டடம் அதுதான். 1896இல் கொடுத்த விலை 10 பவுண்டு. வைக்கோல் வேய்ந்த அந்த வீட்டின் கூடம் இன்றும் கூரை வரை திறந்தே இருக்கிறது. அதன் தரை, சுண்ணாம்புக் கல்லை இடித்துப் பரப்பிப் புளித்த பாலால் மெழுகியது.

இனி உங்கள் புகைபோக்கி. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும், கூடத்தின் நடுவில் அல்லது குறுக்கு வழியில் செங்கற்புகைபோக்கியை எழுப்பிப் புகையை அடைத்தார்கள். புகை அடங்கிய பிறகு கூடத்தின் மேற்பாதி வெறும் வெற்றிடமாகிவிட்டது. ஆகவே இடையே ஒரு தளத்தைப் போட்டு மேலே அறைகளை எடுத்தார்கள். பழைய குறுக்கு வழியை அடைத்தபடி புகைபோக்கி எழுந்த வீடுகளில், வாசலைத் திறந்தால் நீங்கள் வர்ணிப்பதுபோல அதன் பக்கச்சுவர் எதிரே நிற்கும். 17ஆம் நூற்றாண்டில் இதே அமைப்பில் புதிய வீடுகளையே கட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் கட்டிய வீட்டின் கூரை கறுத்திருக்காது. புகைபோக்கி வருவதற்கு முன்பே உங்கள் கூரை இருந்திருக்கிறது. அப்படியானால் சட்டகம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டையோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்றும், பலகையிலுள்ள 1590 உண்மையான ஆண்டாக இருந்தால் அது புகைபோக்கியும் தளமும் வந்த ஆண்டாக இருக்கலாம் என்றும் கருத இடமிருக்கிறது.

பரணில் இன்னொன்றையும் பாருங்கள். குறுக்கு விட்டத்தின் நடுவில் ஒற்றைத் தூண் ஒன்று நின்று, அதன் தலையிலிருந்து வளைந்த சாய்கால்கள் கிளைத்து, கூரையின் நீளவாக்கில் ஓடும் ஒரு சட்டத்தைத் தாங்குகிறதா? தென்கிழக்கு இங்கிலாந்திலும் சஃபோக்கிலும் 14, 15ஆம் நூற்றாண்டுகளுக்கே உரிய அமைப்பு அது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அரிதாகிவிட்டது. அதேபோல் கீழ்த்தளத்தின் மச்சைத் தாங்கும் சட்டங்களையும் கவனியுங்கள். அகலமான பக்கம் கீழே தெரியும்படி படுக்கையாக வைத்திருந்தால் பழையது. குறுகிய பக்கம் கீழே தெரியும்படி நிறுத்தி வைத்திருந்தால் 17ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோ. நிறுத்தி வைத்த சட்டமே அதிகச் சுமை தாங்கும் என்பதை அவர்கள் கண்டுகொள்ள ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பழஞ்சுவர் எழுதியது:

தச்சுப்பட்டறை அவர்கள் சொன்னதற்குப் பிறகு சட்டகத்தைப் பற்றி நான் சேர்க்க அதிகமில்லை. உரிமையாளரின் கதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்; இங்கிலாந்தில் பழைய வீடு வைத்திருக்கும் பலரும் இதே கதைகளைச் சொல்வார்கள்.

கப்பல் மரம் என்பது அவற்றுள் மிகவும் பரவலானது. கப்பல் உடைத்த மரம் கட்டடங்களுக்குப் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. ஹாம்ப்ஷயரின் விக்கம் ஊரில் 1820இல் கட்டிய மாவு ஆலையில், 1813இல் பிரிட்டிஷார் கைப்பற்றிய செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மரங்கள் இருக்கின்றன. ஆனால் அது துறைமுகத்துக்கு அருகில், ஆவணச் சான்றோடு நடந்தது. லாவென்ஹம் பக்கத்து உள்நாட்டுக் கிராமமோ ஓக் காடுகளுக்கு நடுவில் இருந்தது. காலடியில் மரம் நிற்கும்போது, ஆணியும் வளைவுமாக இருக்கும் கனத்த கப்பல் மரத்தைச் சேறான பாதைகளில் மாட்டுவண்டியில் இழுத்துவர எவரும் முன்வந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் வெற்றுத் துளைகள் எங்கிருந்து வந்தன? இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, அதே இடத்தில் ஒரு தடுப்புச்சுவரோ சாய்காலோ இருந்து பிற்காலத்தில் அகற்றப்பட்டிருக்கும். துளைகள் வரிசையாக, ஒழுங்கான இடைவெளியில் இருந்தால் இதுவே காரணம். மற்றொன்று, வேறொரு வீட்டையோ களஞ்சியத்தையோ பிரித்த மரத்தை இங்கே மறுபடி பயன்படுத்தியிருப்பார்கள். துளைகள் இப்போதைய அமைப்போடு சற்றும் பொருந்தாமல், தவறான முகத்தில் இருந்தால் இது. முளையைத் துளையில் செருகி ஓக் ஆணி அடித்துப் பொருத்திய சட்டகம் ஆதலால், ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டு வீட்டையே பிரித்து வேறிடத்தில் நிறுத்த முடியும். துளைகளுள் ஒரு வகையை மட்டும் தனியே தேடுங்கள். சுவரின் மேற்சட்டத்தின் அடிப்பக்கத்தில், முனை முன்னோக்கியபடி சாய்சதுர வடிவில் சிறு குழிகள் வரிசையாக இருக்கின்றனவா? அவை கண்ணாடி இல்லாத இடைக்கால ஜன்னலின் மரக்கம்பிகள் நின்ற குழிகள். அந்த ஜன்னல்களை உள்ளே மரப்பலகையை நகர்த்தித்தான் மூடினார்கள். அத்தகைய குழிகள் உங்கள் கூடத்தில் கிடைத்தால் கட்டடத்தின் தொன்மைக்கு வலுவான சான்றாகும்.

ஜன்னல் வரி 1696இல் வந்து 1851இல் நீங்கியது, அது கற்பனையன்று. ஆனால் தேவாலய வரியும் ஏழையர் நல வரியும் செலுத்தத் தேவையில்லாத எளியவர்களின் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. 1766 முதல் ஏழு ஜன்னல்களுக்குக் குறைந்த வீடுகளுக்கும், 1825 முதல் எட்டுக்குக் குறைந்த வீடுகளுக்கும் ஜன்னல் கணக்கில் வரி இல்லை. உங்கள் வீடு அந்தக் காலத்தில் சிறு வீடாக இருந்திருந்தால், ஜன்னலை அடைப்பதால் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இருந்திருக்காது. அடைத்ததற்கு எளிய காரணங்களே பொதுவாக இருக்கும்: மாடிப்படி அந்தப் பக்கம் வந்திருக்கும், அல்லது அறையை இரண்டாகப் பிரித்திருப்பார்கள், அல்லது குளிர் தாங்கவில்லை.

உயரக் கதையும் நிற்காது. இடைக்கால இங்கிலாந்தின் எலும்புக்கூடுகளை அளந்ததில், வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 170 செ.மீ. எனத் தெரிகிறது, இன்றையவர்களைவிடச் சில செ.மீ. குறைவு, அவ்வளவே. நிலை தாழ்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தளங்கள்தாம். கூடத்தின் நடுவே பின்னாளில் தளம் செருகியபோது தலைக்கு மேல் இருந்த இடம் குறைந்தது. பழைய மண்தரையின் மேல் செங்கலும் பலகையும் அடுக்கடுக்காகப் பரப்பியதால் கீழிருந்தும் உயரம் குறைந்தது. மாடி நிலைகளைப் பொறுத்தவரை, சட்டகத்தின் குறுக்கு விட்டத்தை வெட்டினால் கூரையே தள்ளாடும் என்பதால் அதற்குக் கீழே குனிந்து போவதைத் தவிர வேறு வழியில்லை.

1590 குறித்து ஓர் எச்சரிக்கை. வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 1570 முதல் 1640 வரை இங்கிலாந்தின் கிராமப்புறம் பெருமளவில் புதுப்பித்துக் கட்டப்பட்டது என்று வாதிட்டார். அதன் பிறகு வீட்டுப் பலகைகளில் எழுதப்படும் ஆண்டுகள் அந்த எல்லைக்குள் வசதியாக விழுவதைப் பார்க்கிறேன். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள், இந்த மாற்றம் ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில் நிகழ்ந்தது என்று காட்டியிருக்கிறார்கள். துணி வணிகத்தால் செழித்த உங்கள் பகுதிக்கு அது முன்பே வந்துவிட்டது. சஃபோக்கை ஒட்டிய எசெக்ஸின் ராட்விண்டர் ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் வெளிவந்த தமது நூலில், தங்கள் வாழ்நாளுக்குள்ளேயே எத்தனை புகைபோக்கிகள் முளைத்துவிட்டன என்று அவ்வூர் முதியவர்கள் வியந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே பலகை எப்போது, யாரால் மாட்டப்பட்டது என்பதை உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். செதுக்கிய உத்திரத்தில் இருக்கும் ஆண்டு வேறு. கடையில் எழுதி வாங்கிய பலகையில் இருக்கும் ஆண்டு வேறு.

ஓலைச்சுவடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தடுப்புச்சுவர், தச்சுப்பட்டறை அவர்கள் சொன்னபடியே, புகைபோக்கியின் பக்கம் மட்டும் கறுத்தும் மறுபக்கம் மண்ணின் நிறத்திலும் இருக்கிறது. பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் உள்ளே குச்சிகளைப் படல்போலப் பின்னியிருப்பதும் தெரிகிறது. பலகை, முந்தைய உரிமையாளர் காலத்தில் மாட்டியதாம்.

மேலும் இரண்டு செய்திகள். கீழறைக் கணப்பின் மேலே கிடக்கும் பெரிய உத்திரத்தில், கவராயத்தால் இழுத்ததுபோன்ற ஒரு வட்டமும் அதற்குள் ஆறு இதழ் கொண்ட பூவும் கீறியிருக்கின்றன. அருகே கண்ணீர்த்துளி வடிவில் சில தீக்கறைகளும் உண்டு. அடுத்து, இத்தகைய மூன்று பகுதி வீடு ஏழைத் தொழிலாளிக்குக் கட்டியதாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

ஏட்டுப்புழு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை: முடியாது. அதை விளக்கிச் சொல்வதே என் விருப்பத்துக்குரிய பகுதி.

1086இல் அரசர் ஆணைப்படி தொகுத்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏடு, சிறு துண்டு நிலமும் குடிசையும் மட்டுமே உடைய மக்களை ஆயிரக்கணக்கில் கணக்கெடுத்திருக்கிறது. அவர்களுடைய வீடுகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. நிலத்தில் நேராக நட்ட கம்பங்களும் மண்சுவரும் ஓரிரு தலைமுறைக்குள் மக்கிப்போயின. பின் வந்த நூற்றாண்டுகளின் மிக எளிய வீடுகளுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். இன்று காட்டேஜ் என்று நாம் ரசிக்கும் 15, 16ஆம் நூற்றாண்டு வீடுகள், தச்சருக்குக் கூலி கொடுத்துப் பல பத்து ஓக் மரங்களை வெட்டிச் சட்டகம் நிறுத்தும் வசதி பெற்றிருந்த உழவர்களுடையவை. ஷேக்ஸ்பியரின் மனைவி பிறந்த வீடாக ஷாட்டரியில் காட்டப்படும் ஆன் ஹாத்தவே காட்டேஜே அதற்குச் சான்று. 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வீடு, ஹியூலண்ட்ஸ் என்று பெயர் பெற்ற ஒரு பண்ணைவீடு. பன்னிரண்டு அறைகள் கொண்டது. ஷேக்ஸ்பியர் பிறந்தக அறக்கட்டளை அதை 1892இல் வாங்கியது.

ஆனால் உங்கள் உரிமையாளர் சொல்வது முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. அவருடைய கதை இரு நூற்றாண்டுகள் இடம் மாறியிருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பண்ணைகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதானபோது, உபரியான பழைய பண்ணைவீடுகளை இரண்டாக, மூன்றாகத் தடுத்துக் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நடுப்புகைபோக்கி உள்ள வீடு அதற்கு மிகவும் வசதி. இரண்டு பக்கமும் அடுப்பு இருப்பதால் நடுவே ஒரு சுவர் வைத்தாலே இரண்டு வீடுகள் ஆகிவிடும். 20ஆம் நூற்றாண்டில் ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வாங்கி மறுபடி ஒரே வீடாக்கினார்கள். உங்கள் முன்சுவரிலோ பின்சுவரிலோ அடைத்த வாசல் ஒன்றின் தடம் இருந்தால் இதை உறுதியாக்கலாம். அந்த மாடி ஜன்னலும் இப்படிப்பட்ட ஒரு பிரிவினையின்போது அடைத்ததாக இருக்கக்கூடும்.

அடித்தட்டு மக்கள் வீடு கட்டிக்கொள்வதைச் சட்டமே தடுத்த காலமும் உண்டு. எலிசபெத் அரசியின் காலத்தில், 1589இல் நிறைவேறிய சட்டம், குறைந்தது நான்கு ஏக்கர் நிலம் சேர்க்காமல் புதிய காட்டேஜ் கட்டக்கூடாது என்றது; மீறிக் கட்டியவருக்கு 10 பவுண்டு தண்டம், தொடர்ந்து வைத்திருந்தால் மாதத்துக்கு 40 ஷில்லிங். பொதுநிலத்தில் குடிசை போட்டு, வாழ வழியில்லாமல் ஊர்ப்பொறுப்பில் விழுபவர்களைக் குறைப்பதே அதன் நோக்கம். சுரங்கத் தொழிலாளர், கடலோர மக்கள் போன்ற சிலருக்கு விலக்கு அளித்த அந்தச் சட்டம் 1775 வரை ஏட்டில் இருந்தது. ஊர்க்காரர்களும் நீதிபதிகளும் பல இடங்களில் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்பதும் உண்மை.

ஆவணங்களைத் தேடும்போது இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடியிருந்தவர்களின் பெயர்கள் கிடைக்கும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று விவசாயக் கூலிக் குடும்பங்கள் அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தால் மேலே சொன்ன பிரிவினைக்கு அதுவே சான்று. அதற்கு முன், 1836ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டித் தேவாலயங்களுக்குரிய பத்திலொரு பங்கைப் பணமாக மாற்றுவதற்காக வரைந்த ஊர் வரைபடங்களில், ஒவ்வொரு மனையின் உரிமையாளரும் குடியிருப்பவரும் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருப்பார்கள். இன்னும் பின்னே போனால் 1662 முதல் 1689 வரை வசூலித்த அடுப்பு வரி. அடுப்பொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். சஃபோக்கின் 1674ஆம் ஆண்டுப் பதிவேடு எஞ்சியிருப்பது உங்கள் நற்பேறு. அதில் வீட்டின் பெயர் இருக்காது, ஆள்பெயரும் அடுப்பு எண்ணிக்கையும்தான் இருக்கும் என்பதால், உயில்களோடும் பண்ணை நீதிமன்ற ஏடுகளோடும் ஒப்பிட்டுத்தான் இன்னார் வீடு என்று முடிவு கட்ட வேண்டும். அவற்றுக்குச் சஃபோக் ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கணப்பின் முன் உட்கார்ந்தவரின் பெயரை நீங்கள் படிக்க நேரலாம்.

ஆறிதழ்ப் பூவும் தீக்கறைகளும் தீயவை அணுகாமல் காப்பதற்கு இட்ட குறிகள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. புகைபோக்கி எப்போதும் திறந்திருக்கும் வாயில் என்பதால் அதைச் சுற்றியே இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. துளி வடிவக் கறைகள் மெழுகுச்சுடர் தற்செயலாகப் பட்டதால் வந்தவையல்ல. சுடரை ஒரே கோணத்தில் நெடுநேரம் பிடித்தால்தான் அந்த வடிவம் கிடைக்கும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். புகைபோக்கிக்குள் பழைய காலணி ஏதாவது கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். சுவருக்குள் ஒளித்து வைத்த காலணிகளுக்கென்றே நார்தாம்டன் அருங்காட்சியகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது.

பழஞ்சுவர் எழுதியது:

ஏட்டுப்புழு அவர்களின் விளக்கத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லாவென்ஹம் பகுதியில் இத்தனை பழைய சட்டகங்கள் எஞ்சியதற்குப் பணம் மட்டும் காரணமன்று. பணம் போனதும் காரணம். கட்டுவதற்குத் துணி வணிகம் வழி செய்தது. அந்த வணிகம் நலிந்த பிறகு, இடித்துவிட்டுப் புதிய பாணியில் கட்ட எவரிடமும் செல்வம் இருக்கவில்லை. வளம் குன்றாமல் இருந்த ஊர்களில் இதே வயதுடைய வீடுகள் செங்கல் முகப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டன, அல்லது முற்றிலும் போய்விட்டன.

இளஞ்சிவப்புப் பூச்சு மாட்டு இரத்தத்தால் ஆனது என்று உங்கள் உரிமையாளர் இன்னும் சொல்லவில்லையென்றால் விரைவில் சொல்லக்கூடும். சுண்ணாம்பில் சிவப்புக் காவியைக் கலந்தாலே அந்த நிறம் வந்துவிடும்.

ஓலைச்சுவடி எழுதியது:

உண்மையாகவே சொல்லிவிட்டார்! ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வடக்குச் சுவரின் பூச்சு சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கிறது; அதன் உள்பக்கம் ஈரம் கசிகிறது. அதை உடைத்துச் சட்டங்களை வெளியே தெரியவிட்டால் காய்ந்துவிடும் என்றும், அழகாகவும் இருக்கும் என்றும் உரிமையாளர் நினைக்கிறார். மேலும், மரவளையங்களை எண்ணி ஆண்டைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி அவரிடம் சொன்னபோது ஆர்வம் காட்டினார். இரண்டும் ஏற்றவையா?

தச்சுப்பட்டறை எழுதியது:

சாம்பல் நிறம் என்கிறீர்கள், கெட்டி என்கிறீர்கள். ஆகவே அது சிமெண்டாகத்தான் இருக்கும். 20ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு செய்து பல ஓக் சட்டகங்களைக் கெடுத்த வேலை அது. களிமண், வைக்கோல், சாணம் கலந்து படலின் மேல் அப்பி, சுண்ணாம்பு பூசிய சுவர், மழையில் சிறிது ஈரத்தை உறிஞ்சி வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சிமெண்டோ சுருங்கி விரிசல் விடும். விரிசலில் புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சட்டகத்தின் அடிச்சட்டத்தில் தேங்கும். மேலே கையால் தட்டினால் உறுதியாகத் தோன்றும் தூண், கீழே ஒரு முழ உயரத்துக்கு மாவாகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

எனவே சிமெண்டை நீக்க வேண்டும் என்பதில் உரிமையாளர் சொல்வது சரி. சட்டங்களை வெளியே தெரியவிடுவதில்தான் நான் மாறுபடுகிறேன். உங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு 17ஆம் நூற்றாண்டு முதலே சட்டங்களையும் மூடிச் சுண்ணாம்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சே அவற்றைக் காத்தது. மரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு இடுக்கும் மழைக்கு வழி. மூடியிருந்ததைத் திறந்தால் அத்தனை இடுக்குகளும் திறக்கும். கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்ற தோற்றமும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. ஓக் மரத்தை அதன் போக்கில் விட்டால் வெள்ளி சாம்பல் நிறமாகும். பழைய ஆட்கள் பலர் மரத்துக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். சிமெண்டை மெல்லக் கழற்றி, பழுதான மரத்தை மட்டும் வெட்டி ஓக்கால் ஒட்டுப்போட்டு, சுண்ணாம்புச் சாந்தால் பூசுவதே தக்க வழி. வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றிலிருந்து சொல்லிவருவதும் இதுவே: பழுதுபார், பழைய தோற்றம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாகச் செய்யாதே.

எதையும் தொடுவதற்கு முன், ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு வைத்திருக்கும், சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடங்களின் இணையப் பட்டியலில் அந்த வீடு இருக்கிறதா என்று பாருங்கள். 1700க்கு முற்பட்டு, பழைய கட்டுமானம் கணிசமாக எஞ்சியுள்ள வீடு பட்டியலில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. பெரும்பாலும் இரண்டாம் தரத்தில் இருக்கும். பட்டியலிட்ட வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; வீட்டின் உட்பகுதிக்கும் இது பொருந்தும். பட்டியலில் எழுதியிருக்கும் விவரிப்பை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். பழைய பதிவுகள் பல, தெருவில் நின்று பார்த்து எழுதியவை. உங்கள் கறுத்த கைமரங்கள் அவற்றில் இடம்பெறாமல் போயிருக்கலாம்.

மரவளைய முறை நல்ல முறைதான். ஓக்கைப் பச்சையாக வெட்டிய உடனே, உலர விடாமல், வேலைக்கு எடுத்தார்கள். ஆகவே மரம் வெட்டிய ஆண்டு தெரிந்தால் கட்டிய ஆண்டும் ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் தெரிந்துவிடும். இத்தகைய வீடுகளில் தளம் சாய்ந்திருப்பதற்கும் நிலைகள் கோணியிருப்பதற்கும்கூடப் பச்சை மரம் நின்ற நிலையிலேயே உலர்ந்து முறுக்கியதே முதற்காரணம். ஆனால் இரண்டு தடைகள் உண்டு. மரத்தின் கெட்டியான நடுப்பகுதியான வைரத்துக்கு வெளியே உள்ள மென்மையான வெளிறு, பட்டை வரை எஞ்சியிருந்தால்தான் வெட்டிய ஆண்டு சரியாகக் கிடைக்கும். பூச்சிகள் முதலில் தின்பது அந்த வெளிற்றைத்தான். அடுத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பொதுவாக ஐம்பது வளையங்களாவது வேண்டும். சஃபோக் தச்சர்களோ, விரைவாக வளர்ந்த இளமரங்களைத் தேவைக்கேற்ற பருமனில் தேர்ந்து, ஒரு சட்டத்துக்கு ஒரு மரமாக வெட்டியவர்கள்; வளையங்கள் போதாமல் முடிவு கிடைக்காமற்போவது இங்கே புதிதன்று. மாதிரிக்குத் துளையிடவும், வீடு பட்டியலில் இருந்தால், உள்ளாட்சி அலுவலரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்குச் செலவிடுவதற்கு முன் ஒரு கைவிளக்கோடு மறுபடி பரணில் ஏறி, கைமரங்கள் இணையும் இடங்களில் தச்சர்கள் உளியால் வெட்டிய எண்களைத் தேடுங்கள். ரோமானிய எண்களைப்போல் நேர்கோடுகளால் ஆனவை. பட்டறையில் ஒருமுறை பொருத்திப் பார்த்த சட்டகத்தை மனையில் அதே வரிசையில் நிறுத்துவதற்காக இட்டவை. விளக்கை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் புகைக்கு அடியிலும் தெரியும். எண்வரிசை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை புகைபோக்கியைக் கடந்து அறுபடாமல் ஓடினால் கூரை முழுவதும் ஒரே காலத்தில் எழுப்பியது. கறுக்காத அந்தக் கோடியில் மட்டும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், அது பின்னாளில் சேர்த்த பகுதியாக இருக்கலாம். மரவளைய ஆய்வாளரை அழைக்கும்போது இரு பகுதிகளிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.